வில்பத்துக்கு ஜீப் விடுவோருக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலிருந்து வில்பத்துத் தேசியப் பூங்காவுக்குச் சுற்றுலா நடத்தும் அன்பர்களுக்கு,

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். போன வாரம் என் கைப்பேசிக்கு வந்த விளம்பரம் ஒன்றில் "மனிதக் கால்படாத காடு" என்று போட்டிருந்தது. சிறுத்தைப் படம் நன்றாகத்தான் இருந்தது. அந்த வரிதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

முதுமக்கள் தாழிகளைத் தோண்டியெடுத்த பொன்பரப்பி அந்தக் காட்டுக்குள்தான் இருக்கிறது. சரி, பழங்கதையை விடுவோம்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். பூங்காவுக்கு வடக்கே மரிச்சுக்கட்டி, பாலைக்குழி, கரடிக்குளி ஊர்களும் காலியாகின. புத்தளத்து முகாம்களிலேயே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. பூங்காவுக்கும் போர் பூட்டுப் போட்டது. 1988 இல் மூடி 2003 இல் திறந்தார்கள். 2006 இல் கண்ணிவெடியில் பார்வையாளர்கள் இறந்தபின் மறுபடி மூடி, 2010 இல் திறந்தார்கள். ஜீப்புகளும் அகதிகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் திரும்பி வந்தார்கள். ஜீப்புக்குப் பாதை இருந்தது. ஊராருக்கோ, விட்டுப்போன காணியில் மரம் நின்றது. அந்தப் பக்கத்து நிலத்தில் ஒரு பகுதி 2012 இல் அரச வர்த்தமானி அறிவிப்புப்படி ஒதுக்குக்காடாகிவிட்டது. அந்த மரங்களை வளர்த்தது போர்.

அங்கே காடு வெட்டி, திரும்பி வந்தவர்களைக் குடியேற்றியது சட்டவிரோதம் என்று 2020 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதோடு எனக்கு வழக்கில்லை. காடு எனக்கும் வேண்டும். ஆனால் "வில்பத்துவைக் காப்போம்" என்று கொழும்பில் எழுந்த குரலில் பாதிதான் காட்டைப் பற்றியது. மீதி முஸ்லிம்களைப் பற்றியது. உங்கள் விளம்பர வரி, தெரிந்தோ தெரியாமலோ, அந்த மீதிப் பாதிக்குத்தான் தோள் கொடுக்கிறது.

தெற்கே ஹுனுவிலகம வாசலால் உள்ளே போய், சிறுத்தையைப் படம்பிடித்து, அதே வாசலால் வெளியே வருகிறார்கள் உங்கள் விருந்தினர்கள். வடக்கெல்லையில் யார் இருக்கிறார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அந்த ஊர்க்காரருக்கும் ஜீப்புப் புழுதிகூட வந்து சேராது, காசு எங்கே வரும்? இப்படியே போனால் காடு அவர்களுக்கு எதிராளியின் சொத்தாகவே இருக்கும்.

பயணத்தில் ஓர் இரவை, பூங்காவுக்கு வடக்கே கரையோரச் சிலாவத்துறைப் பக்கம் வையுங்களேன். மறுநாள் வங்காலையில் பறவை பார்க்கலாம். வழிகாட்ட அந்த ஊர்ப் பொடியன்களையே சம்பளத்துக்கு எடுங்கள். சாப்பாட்டையும் அங்கேயே சொல்லிவையுங்கள், மீனுக்குக் குறைவிராது. கொழும்புச் சிங்களக் குடும்பம் ஒன்று, திரும்பி வந்த ஒருவரோடு ஒரே பாயில் இருந்து அவர் காணிக் கதையைக் கேட்டால், அதற்குப் பிறகு காட்டைப் பற்றி இரு பக்கமும் வேறு மாதிரிப் பேசக்கூடும்.

அப்படியொரு பயணம் போட்டால் எங்களுக்கும் இரண்டு இடம் பிடித்து வையுங்கள். கரடிகள் பழம் தின்ன வரும் பாலைப்பழக் காலமாக இருந்தால் நல்லது, என் மனைவிக்குக் கரடி பார்க்க ஆசை.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசி ஒருவர்