கேபிள் பதிவேட்டைக் குடியிருப்பாளர்களிடம் ஒப்படைக்கச் செய்யுங்கள்: பினாங்கு மாநகர் கழகத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும் கட்டடப் பிரிவு அதிகாரிகளுக்கும் வணக்கம்.

தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் தூண்களையும் உத்திரங்களையும் தளத்தில் நிறுத்தி, அவற்றின் ஊடே எஃகுக் கேபிள்களைச் செலுத்தி, ஜாக் என்னும் நீரழுத்தக் கருவியால் இழுத்துப் பூட்டும் முறையைப் பற்றி எழுதுகிறேன். அந்த வேலையை மேற்பார்த்தவன் நான். ஏழு கம்பிகளை முறுக்கிய, 15.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒற்றைக் கேபிள் அறுபட ஏறத்தாழ 26 டன் இழுவை வேண்டும். அதில் முக்கால் பங்கு வரை இழுத்து ஆப்பு இறுக்குகிறோம். உத்திரத்தைத் தூணோடு அழுத்திப் பிடித்திருப்பது அந்த விசைதான்.

முறையின் மீது எனக்குக் குறையில்லை. 1999இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் ஐந்து மாடி மாதிரிக் கட்டடம் ஒன்றை நிலநடுக்கத்திற்கு ஈடாக அசைத்துச் சோதித்தார்கள். கான்கிரீட்டோடு ஒட்டாமல் விடப்பட்ட கேபிள்கள், சாய்ந்த சட்டகத்தைத் திரும்ப இழுத்து நிறுத்தின.

என் கவலையெல்லாம் கேபிள் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான். வேல்ஸில் 1953இல் வார்ப்புத் துண்டுகளைக் கேபிளால் கோத்துக் கட்டிய பாலம் 1985 டிசம்பரில் எந்த முன்னறிகுறியும் இன்றி விழுந்தது. இணைப்புகளின் வழியே இறங்கிய உப்பு நீர் உள்ளே எஃகை அரித்திருந்தது. அங்கே சாலையில் தூவிய உப்பு. நமக்கோ நாற்புறமும் கடல்.

1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 85ஏ பிரிவு, ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களைப் பத்தாண்டுகளுக்குப் பின் பரிசோதிக்கச் சொல்லும் அதிகாரத்தை உங்களுக்குத் தருகிறது. அப்போது வரும் பொறியாளர் முதலில் கண்ணால்தான் பார்ப்பார். கேபிள் ஓடும் குழாய்க்குள், அரிப்பைத் தடுக்கச் செலுத்தும் சிமெண்டுக் கலவை முழுதாக நிரம்பியதா என்பதை அவர் எங்கிருந்து அறிவார்?

அதைச் சொல்லும் தாள்கள், அதாவது கேபிள் பதிவேடு, கட்டும்போதே எழுதப்படுகின்றன. ஒவ்வொரு கேபிளுக்கும் ஜாக்கின் அழுத்தம், கணக்கிட்ட நீட்சி, அளந்த நீட்சி, கலவை செலுத்திய நாள், எவ்வளவு உள்ளே போனது என்று எல்லாம் இருக்கும். அளந்த நீட்சி குறைந்தால் கேபிள் எங்கோ சிக்கியிருக்கிறது. கலவை குறைவாகப் போனால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. இத்தனை அருமையான ஆவணம், வேலை முடிந்ததும் ஒப்பந்தக்காரரின் அலுவலகப் பெட்டிக்குள் போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் முப்பது நாற்பது ஆண்டுகள் வாழப்போகிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஆகவே, கட்டட வரைபடத்திற்கு ஒப்புதல் தரும்போதே ஒரு நிபந்தனை விதியுங்கள்: கேபிள் ஓடும் பாதையின் வரைபடமும் இந்தத் தாள்களும் அடுக்ககத்தின் நிர்வாகக் குழுவிடம் ஒப்படைக்கப்பட வேண்டும், ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். வீட்டைப் புதுப்பிக்க அனுமதி கேட்பவர், துளை போடுமுன் அந்த வரைபடத்தைப் பார்த்தாக வேண்டும். குளிர்சாதனக் குழாய்க்காக ஒருவர் போடும் துளை ஒட்டாத கேபிளை அறுத்துவிட்டால், அவர் வீட்டில் மட்டுமன்றி அந்தக் கேபிள் ஓடும் நீளம் முழுவதும் பிடிப்பு போய்விடும்.

ஏற்கெனவே எழும்பிய கட்டடங்களின் தாள்களையும் கேட்டுப் பெறுங்கள். ஆட்கள் ஓய்வு பெறுகிறார்கள், நிறுவனங்கள் மூடப்படுகின்றன. ஆண்டுகள் போகப் போகக் கிடைப்பது அரிதாகிவிடும். அவற்றைப் படித்துப் பிரித்து வைக்க, தொழிலில் இருந்த என்னைப் போன்றவர்களை அழைத்தால் ஊதியமின்றி வருகிறோம்.

இப்படிக்கு,
ஜெலுத்தோங் குடியிருப்பாளர்,
ஓய்வு பெற்ற கட்டுமான மேற்பார்வையாளர்