50 முறை எழுதியும் புரியாத ஒரு வாக்கியம்: பள்ளி முதல்வருக்கும் ஆங்கில ஆசிரியர்களுக்கும் திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் ஆங்கில ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் சென்ற வாரத் தேர்வில் ‘மை மதர் தோசை மேட்’ என்று எழுதியதும், அதற்காக ‘மை மதர் மேட் தோசை’ என்று 50 முறை இம்போசிஷன் எழுதுமாறு பணிக்கப்பட்டதும் தாங்கள் அறிந்ததே. அவள் எழுதியது பிழைதான். அதில் எனக்கு மறுப்பில்லை.

அன்றிரவு அவள் எழுதியதை அருகில் அமர்ந்து பார்த்தேன். முதலில் ‘மை’ என்பதை மேலிருந்து கீழாக 50 வரிகளிலும் எழுதி முடித்தாள், பிறகு ‘மதர்’, பிறகு, வலித்த கையை உதறிக்கொண்டே, ‘மேட்’, கடைசியாகத் ‘தோசை’. 50 வாக்கியங்கள் நிறைந்த அந்தப் பக்கங்களில் அவள் ஒரு வாக்கியத்தைக்கூட எழுதவில்லை. ‘மேட் ஏன் முன்னால் வருகிறது?’ என்று கேட்டேன். ‘மிஸ் அப்படித்தான் சொன்னாங்க’ என்றாள்.

அந்த ‘ஏன்’ என்பதைச் சொல்லித்தாருங்கள் என்பதே என் கோரிக்கை. ‘புலி மானைத் துரத்தியது’ என்றாலும், ‘மானைப் புலி துரத்தியது’ என்றாலும், தமிழில் உயிருக்கு ஓடுவது மான்தான். ‘ஐ’ உருபு மானோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்திலும் இத்தகைய உருபுகள் இருந்தன; அவை தேய்ந்துபோய், இன்று ‘ஹி’ எழுவாயாகவும் ‘ஹிம்’ செயப்படுபொருளாகவும் வருவது போன்ற சில இடங்களில் மட்டுமே மிச்சம் தெரிகிறது. உருபு போனபின், வினைக்கு முன்னால் நிற்பது எழுவாய், பின்னால் நிற்பது செயப்படுபொருள் என்று, சொல் நிற்கும் இடமே உருபின் வேலையைச் செய்யவேண்டியதாயிற்று. அதே புலி வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதி, ‘டைகர்’, ‘டீர்’ இரண்டையும் இடம் மாற்றி வைத்தால், மான் புலியைத் துரத்தத் தொடங்கிவிடும். இதே வேற்றுமை உருபுகளைத்தான் அடுத்த பாடவேளையில் தமிழாசிரியர் நடத்துகிறார். இரண்டு பாடங்களுக்கும் நடுவே இருப்பது ஒரு மணியோசை மட்டுமே.

ஆங்கில வகுப்பில் தமிழில் பேசினால் 10 ரூபாய் அபராதம் என்று தாங்கள் விதித்திருப்பதால், இதை விளக்கும் ஆசிரியரும் பணம் கட்ட நேருமோ என்னவோ. அப்படியானால் அந்தத் தொகையை நானே செலுத்திவிடுகிறேன். ரசீது மட்டும் கொடுத்தால் போதும்.

சொல் மிஞ்சியிருந்தால் பொறுத்தருள்க. அடுத்த முறை இம்போசிஷன் கொடுப்பதற்கு முன், பத்து நிமிடம் ஒதுக்கி, அது ஏன் பிழை என்பதைத் தமிழிலேயே அவளுக்கு விளக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் தந்தை