அந்த எண்ணைப் பழையபடி வை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆர்க்டிக் குளிர்காலத்தில் உங்கள் காலநிலைக் கணினி மாடல் கடல்பனியின் மேற்பரப்பை உள்ளதைவிடச் சூடாகக் காட்டியது, மேகக் கணக்கில் ஒரு எண்ணை மாற்றி மேகத்தைக் குறைத்ததும் அளவீட்டோடு பொருந்திவிட்டது என்று எழுதியிருந்தாய். உன் சந்தோஷம் புரிகிறது. எனக்கு மனசு உறுத்துவதும் அதே இடத்தில்தான்.

உங்கள் மாடலில் கடல்பனியின் மேல் வெண்பனி இருக்கிறதா? அளவீடுகளையும் கணினி மாடலையும் சேர்த்து உருவாக்கிய, எல்லோரும் எடுத்துக் கையாளும் ஈஆர்ஏ5 வானிலைத் தரவிலேயே கடல்பனி எங்கும் 1.5 மீட்டர் தடிமன்தான், அதன்மேல் வெண்பனியே கிடையாது. வெண்பனி அதே தடிமனுள்ள பனிக்கட்டியைவிடப் பல மடங்கு வெப்பத்தைத் தடுக்கும். அந்தப் போர்வை இல்லையென்றால் அடியிலுள்ள கடலின் சூடு சுலபமாக மேலே வந்துவிடும். உங்களுக்கும் அதுதான் காரணமென்றால், வெண்பனியின் தப்புக்கு மேகத்தைத் தண்டித்திருக்கிறீர்கள். கோடையில் அந்த மெலிந்த மேகத்தின் வழியே வெயில் கூடுதலாக இறங்கும், உங்கள் பனி முன்கூட்டியே உருகும்.

அப்புறம், சராசரியை நம்பாதே. நான் வானிலை பலூன் விட்டுக் கழித்த வருடங்களில் கற்றது இது. 1997-98-ல் ஒரு கப்பலை ஆர்க்டிக்கின் பியூஃபோர்ட் கடலில் பனியோடு உறையவிட்டு ஒரு வருடம் அளந்தார்களே, ஷீபா என்ற ஆய்வு, அதிலேயே இது தெரிந்தது: துருவக் குளிர்கால வானத்துக்குப் பெரும்பாலும் இரண்டே நிலைகள். ஒன்று தெளிந்த வானம், தரையை ஒட்டிய காற்று மேலிருப்பதைவிடக் குளிர்ந்து அசையாமல் கிடக்கும். இன்னொன்று, உறைநிலைக்கு வெகு கீழேயும் உறையாத நீர்த்துளிகள் நிறைந்த தாழ்வான மேகம். அது வந்த சில மணி நேரத்திலேயே தரை பத்து டிகிரிக்கு மேல் சூடேறிவிடும். நடுவாந்தர நாட்கள் குறைவு. சராசரி மட்டும் பொருந்துகிற மாடல், அங்கே அபூர்வமாக வரும் ஒரு நாளைத்தான் தினமும் காட்டிக்கொண்டிருக்கும்.

2019 அக்டோபரில் போலார்ஸ்டெர்ன் கப்பலை ஒரு பனித்திட்டோடு கட்டி மிதக்கவிட்டார்களே, மொசைக் என்ற ஆர்க்டிக் ஆய்வு, அந்தத் தரவை எடுத்துப் பார். துருவ இருட்டில், தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, அடிக்கு அடி கோலைக் குத்தி வெண்பனியின் ஆழத்தை அளந்திருக்கிறார்கள். காற்று அதை மேடுகளின் ஓரத்தில் குவித்துவிட்டு மற்ற இடங்களை மெலியவைத்திருப்பது அதில் தெரியும். யாரோ விரல் மரத்துப்போக எடுத்த எண்கள் அவை, கண்ணு.

அந்த எண்ணைப் பழையபடி வை. வெண்பனியைச் சேர்த்து ஓட்டு. தெளிந்த நாட்களையும் மேகமூட்ட நாட்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. பொருத்தம் கெட்டுப்போனாலும் சரி, அதையும் எழுது.

அன்புடன்,
அம்மா