ஃபானஸ் சொன்ன குறி

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய படம் வந்தது. வாரக்கணக்கில் போனில் "பிஸிம்மா" தவிர ஒரு பேச்சு இல்லை, திடீரென்று நேப்பிள்ஸ் மியூசியத்தில் வெண்கலப் பொம்மை பக்கத்தில் நிற்கிறாய். சரி, அதாவது வந்ததே. இளைத்திருக்கிறாய். தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா, இல்லையா?

பொம்மையை நன்றாகப் பார்த்தேன். 1830-இல் இத்தாலியின் பழைய ரோமானிய ஊரான பொம்பேயில் ஒரு பெரிய வீட்டு முற்றத்தில் கிடைத்ததாமே. மழைத்தண்ணீர் விழும் தொட்டியாம், ஆத்தா வீட்டு முற்றம் மாதிரியே. முக்கால் மீட்டர்கூட உயரமில்லை. அதற்குள் கையைத் தூக்கி, அண்ணாந்து பார்த்து, நுனிக்காலில் என்ன ஆட்டம்! தலையில் குட்டிக் கொம்பு, பின்னால் வால். "பாதி ஆடுன்னா ஆட்டுக்கால் எங்கே?" என்று அப்பா கேட்டார். குளம்புக்கால் பான் என்கிற கிரேக்கத் தெய்வத்துக்கு. ரோமாபுரிக்காரர்கள் தங்கள் காட்டுத் தெய்வமான ஃபானஸையும் அவனையும் பிற்பாடு ஒன்றாக்கிவிட்டார்கள் என்று சொன்னேன். "நீயும் புரொபசர் ஆயிட்டியா" என்கிறார். உன் படிப்பைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை பாராட்ட மாட்டார், பால்காரருக்குக்கூடத் தெரியும்.

டிசம்பர் 5 அன்று ஃபானஸுக்குப் பண்டிகை என்று ரோமானியக் கவி ஹோரேஸ் பாடியதையும் படித்துக் காட்டினேன். மண்ணை வெட்டி வெட்டி வெறுத்துப்போனவன் அந்த மண்ணையே மூன்று தரம் மிதித்து ஆடுகிறான். தோட்டக்காரர் அல்லவா, இரண்டு தரம் படிக்கச் சொன்னார்.

படத்தின் ஓரத்தில் ஒரு கை தெரிகிறது. உன் சாம்பல் நிறக் குடையைப் பிடித்திருக்கிறது. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. குடையைத் தொலைக்காதே, அவ்வளவுதான்.

நீ விட்டுப்போன புத்தகத்தையும், வெர்ஜில் என்கிற ரோமானியக் கவியின் ஏனீட் காவியத்தை, எடுத்தேன். உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொல்கிறேன். லத்தீனுஸ் ராஜாவுக்கு ஒரே மகள் லவீனியா. தாய்க்காரி அமாத்தாவுக்குத் தன் சொந்தக்காரப் பையன் டர்னஸ்தான் மாப்பிள்ளையாக வேண்டும். சகுனம் ஒத்து வரவில்லை. ராஜா தன் அப்பன் ஃபானஸிடம் குறி கேட்கக் காட்டுக்குப் போகிறான். கந்தக நெடி அடிக்கும் ஊற்று, இருண்ட தோப்பு. நூறு செம்மறியைப் பலி கொடுத்து, அந்தத் தோலை விரித்து அதன் மேலேயே படுக்கிறான். தோப்புக்குள்ளிருந்து குரல் வருகிறது: உள்ளூரில் சம்பந்தம் பேசாதே, மாப்பிள்ளை வெளிதேசத்திலிருந்து வருவான். அந்த மனுஷனாவது வாயை அடக்கினானா? ஊரெல்லாம் பரவிவிட்டது.

எனக்கு உறுத்துவது வேறு. அத்தனை பேரும் அவளுக்காக வெட்டிக்கொண்டு சாகிறார்கள், காவியம் முடியும்வரை அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. கடைசிக் காண்டத்தில் தாய் அழும்போது இவள் கன்னம் சிவக்கிறது, கண்ணீர் வழிகிறது. யாரை நினைத்து என்று வெர்ஜிலும் சொல்லவில்லை. அவளை யாரும் படிக்க வைக்கவில்லை, சரி. உன்னை அவ்வளவு தூரம் அனுப்பிப் படிக்க வைத்தது "பிஸிம்மா" கேட்கவா?

அமாத்தா கடைசியில் தூக்குப் போட்டுக்கொண்டாள், உனக்குத் தெரியும். நான் அந்த ரகம் இல்லை. கரூர்க்காரர்கள் தைக்குள் பதில் கேட்கிறார்கள், சித்தி தினமும் போன் போடுகிறாள், நான் இன்னும் பிடி கொடுக்கவில்லை. நல்ல பையன்தான். அது வேறு.

எண்ணெய் தீர்ந்திருந்தால் சொல், செக்கெண்ணெய் அனுப்புகிறேன். ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. ஈரத்தலையோடு குளிரில் வெளியே போகாதே. எண்ணெய் வை.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நம்ம நேரம் நாலு மணிக்கு மேல், அப்பா தோட்டத்துக்குப் போயிருப்பார். வீடியோவெல்லாம் வேண்டாம், சும்மா பேசினால் போதும்.

அம்மா