மாற்று மாடல் வேண்டாம், அதே மவுஸ்தான் வேண்டும்

அனுப்புநர்:
டிடிபி மற்றும் பிளக்ஸ் டிசைன் கடை உரிமையாளர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சென்னை.

பொருள்: வாரண்டி காலத்துக்குள் பழுதான மவுஸை ‘ஈரப்பதச் சேதம்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பியது, பதிலுக்கு வேறு மாடலைத் தலையில் கட்டப் பார்ப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் மின்னஞ்சல். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தது, கமா கூட மாறவில்லை. மெஷினே படித்து மெஷினே பதில் போடுகிறதோ என்ற சந்தேகத்தில் இந்த முறை தாளில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்புகிறேன். தயவுசெய்து ஒரு மனிதர் இதைக் கடைசி வரை படிக்க வேண்டும்.

நான் குளச்சலில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாண பிளக்ஸ், கோவில் கொடை நோட்டீஸ், பங்குத் திருவிழா பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் செய்வேன். காலை ஒன்பதரைக்கு மவுஸில் வைத்த கையைச் சாயா குடிக்கத்தான் எடுப்பேன். ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அதே கம்ப்யூட்டரில் கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம். நாற்பத்தொரு வயதில் இது தேவையா என்று வீட்டில் கேட்பார்கள். அது வேறு புகார், அதற்கு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆக, வேலைக்கும் ஆட்டத்துக்கும் எனக்கு ஒரே மவுஸ் வேண்டும். பகலுக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று வைத்தும் பார்த்தேன். கை குழம்பிவிடுகிறது. அதனால் மவுஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் வம்புக்காரன்தான். பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்த காலத்தில் உருண்டை வைத்த மவுஸ். வாரம் ஒருமுறை அடியில் இருக்கும் மூடியைத் திருகி, உருண்டையைக் கையில் கொட்டி, உள்ளே உருளைகளில் ஒட்டியிருக்கும் கறுப்பு அழுக்கை நகத்தால் சுரண்டுவோம். சுரண்டி முடித்தால் மறுபடி புதுசு. அப்புறம் இருநூற்றைம்பது ரூபாய் மவுஸ்கள் எத்தனையோ வந்து போயின. அடுத்து வயர் இல்லாத ஒன்று, உள்ளே இரண்டு பேட்டரி, தூக்கினால் படிக்கல் மாதிரி. ஒரு மழைக்காலத்தில் பேட்டரி கசிந்து அதன் கதை முடிந்தது. அதற்கடுத்தது ரப்பர் பூச்சு பூசிய கேமிங் மவுஸ். இரண்டு வருஷத்தில் பூச்சு இளகி, பலாச்சக்கை வெட்டிய கை மாதிரி பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பித்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் போகவில்லை.

இவ்வளவும் பட்ட பிறகுதான் 2024 நவம்பரில் நாகர்கோவிலில் ஒரு கடையில் உங்கள் மவுஸைப் பிடித்துப் பார்த்தேன். கடைக்காரர் பெட்டியைப் பிரித்துக் கொடுத்துவிட்டு அரைமணி நேரம் என்னைச் சும்மா விட்டார். எனக்குக் கை கொஞ்சம் சின்னது, மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை பதினேழரை சென்டிமீட்டர். உள்ளங்கையை முழுக்கப் படியவைத்துப் பிடிக்க மாட்டேன். நண்டைப் பின்னாலிருந்து பிடிப்பது போல விரல்களை வளைத்துத்தான் பிடிப்பேன். அப்படிப் பிடிப்பவனுக்கு மவுஸின் முதுகு உயரமாக இருந்தால் ஆகாது. உங்களுடையது தாழ்ந்த முதுகு. எடை 82 கிராம். ரப்பர் பூச்சு கிடையாது. சக்கரத்தை உருட்டினால் ஒவ்வொரு பல்லும் விரலுக்குத் தெரிகிறது, அதே சமயம் அழுத்தினால் கல் மாதிரி இல்லை. கோரலில் சக்கரத்தை அழுத்திப் பிடித்துத்தான் பக்கத்தை நகர்த்துவோம், ஆட்டக்காரர்களுக்கு இந்த அருமை தெரியாது. 2,790 ரூபாய் கொடுத்தேன். இரண்டு வருஷ வாரண்டி. ஆறு மாதம் கையில் மவுஸ் இருப்பதே மறந்து போய் வேலை பார்த்தேன்.

ஜூன் மாதம் தொடங்கியது வினை. இடது பட்டனை ஒரு தடவை அழுத்தினால் இரண்டாகப் பதிகிறது. சில நேரம் அழுத்திப் பிடித்து இழுக்கும்போது நடுவழியில் தானாக விட்டுவிடுகிறது.

இது எப்படிப்பட்ட தொல்லை என்று உங்கள் அலுவலகத்தில் இருப்பவர்களுக்குப் புரிய ஒரு சம்பவம் சொல்கிறேன். கோரல்டிராவில் ஒரு படத்தை ஒருமுறை கிளிக் செய்தால் தேர்வாகும். மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கலாம். அதே படத்தில் இன்னொரு கிளிக் விழுந்தால் மூலைகளில் வளைந்த அம்புக்குறி வந்துவிடும். அப்போது இழுத்தால் படம் பெரிதாகாது, சாயும். ஜூன் மாதம் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி வேலை வந்தது. மறுநாள் காலை அடக்கம், ஆறடிக்கு நாலடி பிளக்ஸ். அவசரத்தில் பெரியவரின் படத்தைக் கிளிக் செய்து மூலையைப் பிடித்தேன். மவுஸ் இரண்டு கிளிக் போட்டிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. படம் கொஞ்சமாகச் சாய்ந்துவிட்டது. திரையில் தெரியாத சாய்வு ஆறடியில் தெரிந்தது. காலையில் வீட்டு முற்றத்தில் கட்டியதும் அவருடைய மருமகள் அழுகைக்கு நடுவில் கேட்டார்: “மாமா ஏன் சரிஞ்சு நிக்காரு?” நான் போய் வீட்டுக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டு, என் செலவில் இன்னொன்று அடித்து, சவப்பெட்டி வெளியே எடுப்பதற்குள் மாற்றிக் கட்டினேன். பணம் போனது பெரிதில்லை. அந்த முற்றத்தில் நான் நின்ற நிலையை எந்த பில்லில் எழுதுவது?

ஆட்டத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை எங்கள் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சித்தப்பா மகன் படகு வேலைக்குப் போகிறவன். வருஷத்தில் அந்த இரண்டு மாதம்தான் ராத்திரி என்னோடு உட்கார்ந்து ஆடுவான். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் குண்டு எறிய, பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும், விட்டால்தான் கை எறியும். நான் விடுவதற்கு முன்பே உங்கள் சுவிட்ச் விட்டுவிடுகிறது. குண்டு எதிரே இருக்கிற சுவரில் பட்டு எங்கள் காலடியிலேயே விழும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தான். “ஏலே, நீ அவனுவ ஆளா, நம்ம ஆளா?” என்று கேட்டுவிட்டு வேறு கூட்டத்தோடு சேர்ந்துவிட்டான். இந்த வருஷத் தடைக்காலம் அப்படியே போயிற்று.

சரி, உங்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். வேறு யூஎஸ்பி ஓட்டையில் சொருகச் சொன்னார்கள், சொருகினேன். டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள், போட்டேன். வேறு கம்ப்யூட்டரில் பார்க்கச் சொன்னார்கள், பக்கத்து ஜெராக்ஸ் கடையில் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அதே கூத்து. நிதானமாக நூறு தடவை அழுத்தி எண்ணியதில் பதினேழு தடவை இரட்டையாகப் பதிந்தது. வீடியோவும் எடுத்து அனுப்பினேன். கடைசியாக, மவுஸின் மென்பொருளில் கிளிக் காத்திருப்பு நேரத்தைக் கூட்டச் சொன்னார்கள். 4 மில்லி செகண்டை 12 ஆக்கினேன். இரட்டை கிளிக் குறைந்தது, நிற்கவில்லை. ஓடு ஒழுகினால் கீழே சட்டியை வைப்பது போலத்தான் அது.

பிறகு கூரியரில் சென்னைக்கு அனுப்பினேன். பதினெட்டு நாள் கழித்து அதே மவுஸ் திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: “உட்பகுதியில் ஈரப்பதம் மற்றும் உப்புப் படிவு. கடலோரப் பயன்பாட்டால் ஏற்பட்ட சேதம். வாரண்டி பொருந்தாது.”

ஐயா, நான் மவுஸைக் கடலில் முக்கவில்லை. கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி, கூரை உள்ள கடையில், மேசை மேல் வைத்துத்தான் பயன்படுத்தினேன். அதே மேசையில் ஆறு வருஷமாக ஒரு கீபோர்டும் மானிட்டரும் பிரிண்டரும் இருக்கின்றன. அவற்றுக்கு இந்தக் கடலோர நோய் இன்னும் வரவில்லை. எங்கள் மாவட்டத்துக்குக் கடற்கரை சுமார் 70 கிலோமீட்டர். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. இப்படிப்பட்ட ஊரில் கடைக்குச் சரக்கு அனுப்பும்போது உங்களுக்குக் கடல் தெரியவில்லையா? வாரண்டி அட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டேன். தண்ணீர் கொட்டினால் வாரண்டி இல்லை என்று இருக்கிறது. காற்றடித்தால் இல்லை என்று எங்கேயும் இல்லை. இந்தச் சீட்டை எழுதிய உங்கள் சர்வீஸ் சென்டர் சென்னையில் இருக்கிறது. சென்னைக்குக் கிழக்கே இருப்பது என்ன என்று அந்த என்ஜினீயரிடம் கேட்டுப் பாருங்கள்.

உப்புக் காற்றுக்குப் பங்கே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. எங்கள் ஊரில் ஜன்னல் கம்பியே பத்து வருஷத்தில் உதிரும். ஆனால் இந்தப் பழுது எங்கே வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். பட்டனுக்கு அடியில் விரல்நகம் அளவில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் வில் போல வளைந்த ஒரு மெல்லிய தகடு. அழுத்தினால் தகடு டக்கென்று தாவித் தொடுமுனையில் விழும். விழுந்ததும் நிற்காது, தரையில் போட்ட கோலிக்குண்டு போலக் கண்ணுக்குத் தெரியாமல் சில தடவை துள்ளும். அந்தத் துள்ளல் அடங்கும் வரை காத்திருக்கத்தான் அந்த 4 மில்லி செகண்ட். தகடு தளர்ந்தாலும், தொடுமுனையில் ஆக்சைடு படிந்தாலும் துள்ளல் நீளும், ஒரு கிளிக் இரண்டாகும். மவுஸில் ஓடும் துளி மின்சாரம் படிந்ததை எரித்துச் சுத்தம் செய்யவும் போதாது. ஒளியால் வேலை செய்யும் சுவிட்சில் உலோகம் உலோகத்தைத் தொட வேண்டிய வேலையே இல்லை, அகச்சிவப்புக் கதிரை மறைத்தும் திறந்தும்தான் கிளிக் பதிகிறது. அதை உங்கள் விலை கூடிய மாடல்களில் போடுகிறீர்கள். அப்படியென்றால் நோய் எது, மருந்து எது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும்.

பெட்டியின் மேல் ‘2 கோடி கிளிக்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். நான் ஒரு நாளைக்கு 10,000 கிளிக் செய்ததாகவே வைத்துக்கொள்வோம். ஞாயிறு, பண்டிகை, துக்கம் எதற்கும் லீவு விடாமல் 210 நாள். 21 லட்சம் வருகிறது. சொன்னதில் பத்தில் ஒரு பங்கு.

அடுத்து உங்கள் ‘நல்லெண்ணச் சலுகை’. இந்த மாடலை நிறுத்திவிட்டதாகவும், அறுநூறு ரூபாய் கூடுதலாகக் கட்டினால் புதிய மாடல் தருவதாகவும் போனில் பேசிய தம்பி சொன்னார். குணமாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. “சார், இது 26,000 டிபிஐ” என்றார். டிபிஐ என்பது மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினால் அம்பு எத்தனை புள்ளி நகரும் என்ற கணக்கு. என் மானிட்டரின் அகலம் 1,920 புள்ளி. 26,000 டிபிஐயில் மவுஸை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்துவதற்குள் அம்பு திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்விடும். தும்மினால் பைல் டெலீட் ஆகும். நான் ஆட்டத்துக்கு 800, வேலைக்கு 1,600 வைப்பவன். அதற்கு மேல் எனக்கு எதற்கு? அந்த மாடலின் எடை 118 கிராம், முதுகு உயரம், நீளமும் கூடுதல். என் கைக்கு அது ஆகாது. செருப்பு அறுந்து போனதென்று தைக்கக் கொடுத்தால், அதைவிடப் பெரிய சைஸில் லைட் எரிகிற ஷூ தருகிறேன் என்பது போல இருக்கிறது.

எங்கள் ஊர் டிவி மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பாதங்களைப் பார்த்தார். “மக்கா, உள்ள மூணு காலு உள்ள சுவிட்சுதான். கால் மணிக்கூறுல மாத்திருவேன். ஆனா திருகு எல்லாம் இந்தப் பாதத்துக்கு அடியில கெடக்கு. ஸ்டிக்கர கிழிச்சா கம்பெனிக்காரன் கைய விரிச்சிருவான், பாத்துக்க” என்றார். இப்போதும் கையை விரித்துத்தானே இருக்கிறார்கள் என்று சொல்ல வாய் வந்தது. ஆனாலும் ஸ்டிக்கரைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். வாரண்டி 2026 நவம்பர் வரை இருக்கிறது. நான் பணம் கொடுத்து வாங்கியதில் அதுவும் சேர்த்தி.

ஆகவே நான் கேட்பது இதுதான். அதே மாடலில் ஒன்று உங்கள் கிடங்கில் எங்காவது கிடந்தால் அதை அனுப்புங்கள். இல்லையென்றால் என் மவுஸில் இடது, வலது இரண்டு சுவிட்சையும் மாற்றி, கழற்றும்போது கெட்டுப்போகும் வழுக்குப் பாதங்களைப் புதிதாக ஒட்டித் திருப்பிக் கொடுங்கள். இரண்டும் முடியாதென்றால், ஸ்டிக்கரைக் கிழித்து உள்ளூரில் சரிசெய்து கொள்ளலாம், மீதி வாரண்டி செல்லும் என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுங்கள், சுவிட்ச் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன். ‘உப்புப் படிவு’ என்று எழுதினீர்களே, அதன் புகைப்படம் ஒன்றும் வேண்டும். உள்ளே பிரித்துப் பார்த்தால்தானே அது தெரியும்? என் மவுஸின் ஸ்டிக்கர் நான் அனுப்பியபோது இருந்தபடியே கிழியாமல் வந்திருக்கிறது.

இந்தக் கடிதம் கிடைத்து பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. எனக்கு ஒரு பஸ் டிக்கெட்தான் செலவு, உங்கள் வக்கீல்தான் சென்னையிலிருந்து வர வேண்டும். 1741 இல் டச்சுக் கம்பெனியே வந்து தோற்றுப் போன ஊர் இது என்று கடையில் இருந்தவர்கள் எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன்.

பில் நகல், வாரண்டி அட்டை நகல், உங்கள் துண்டுச் சீட்டின் நகல் மூன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். மவுஸ் என்னிடம்தான் இருக்கிறது. கூரியருக்கு ஒருமுறை 140 ரூபாய் செலவழித்தாயிற்று, இனி ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மற்ற நாட்களில் காலை ஒன்பதரைக்கு மேல் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
குளச்சல்.