சரளைச் சரிவு தரிசு நிலமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தரிசு நிலங்களைப் பசுமையாக்குவது பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எழுதியவரின் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மலையடிவாரச் சரிவுகளைப் பற்றி அவர் சொல்லியிருப்பதை மறுக்காமல் இருக்க முடியவில்லை. “கல்லும் முள்ளுமாக வீணாகக் கிடக்கும் நிலம்” என்கிறார். இயந்திரம் கொண்டு கல்லைப் புரட்டி, குழி வெட்டி, மரக்கன்று நட வேண்டும் என்கிறார். நான் அந்தியூர் பக்கத்தில் மாட்டுப்பட்டி இருந்த வீட்டில் பிறந்தவன். மண் ஆய்வுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்தக் கல்லைப் புரட்டக் கூடாது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பர்கூர் மலையின் அடிவாரத்திலும் அதைச் சுற்றியுள்ள கரடுகள் என்னும் சிறு கல்குன்றுகளிலும் இருப்பது சரளை கலந்த செம்மண். அடியில் இருக்கும் பாறை காலங்காலமாகச் சிதைந்து மண்ணாகிறது. பாறையின் ஊடே ஓடும் வெங்கச்சாங்கல் என்னும் வெள்ளைப் படிகக்கல் மட்டும் எளிதில் சிதைவதில்லை. அது உடைந்து சில்லுச் சில்லாக மண்ணோடு கலந்து நிற்கிறது. 2 மில்லிமீட்டர் சல்லடையில் தங்குவதையெல்லாம் மண் ஆய்வில் கல் என்றே கணக்கிடுவோம். கன அளவில் 15 சதவீதத்தைத் தாண்டினால் அது சரளை மண், 35ஐத் தாண்டினால் மிகுசரளை. கரட்டின் மேல்சரிவுகளில் மண்ணைச் சலித்தால் பாதிக்குப் பாதி கல்லாக நிற்பது அரிதல்ல. மேலே மண்கண்டம் ஒரு சாண், இரண்டு சாண்தான். அதற்குக் கீழே சிதைந்த பாறை, சில இடங்களில் வெள்ளைச் சுக்கான், அதாவது சுண்ணாம்புக்கல். கீழே இறங்க இறங்க மண்ணின் ஆழம் கூடும், கல் சிறுக்கும். அடிவாரத்தில் ஓடை விரிந்து கொட்டிய இடங்களில் பெருங்கல்லும் பொடிமண்ணும் அடுக்கு மாறிக் கிடக்கும். ஒரே கரட்டில் உச்சி ஒரு மண், இடுப்பு ஒரு மண், அடி வேறொரு மண். இதைப் பார்க்காமல் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் குழி வெட்டும் திட்டம் எப்படி விளங்கும்?

இந்த மண்ணின் குறையை நான் மறைக்கவில்லை. தண்ணீரைப் பிடித்துவைக்கும் சக்தி இதற்குக் குறைவு. கல்லில்லாத செம்மண் ஓரடி ஆழத்துக்குச் சுமார் மூன்று சென்டிமீட்டர் நீரைப் பயிருக்காக வைத்திருக்கும் என்றால், பாதி கல்லான மண் அதில் பாதியைத்தான் வைத்திருக்கும். சித்திரை வெயிலில் நன்றாக வளர்ந்த பயிருக்கு அது மூன்று நான்கு நாள் தாங்கினாலே பெரிது. அதனால்தான் சோளமோ நிலக்கடலையோ இங்கே நம்பி விதைக்க முடிவதில்லை. கட்டுரையாளர் கண்டது இந்த ஒரு பக்கத்தை மட்டும்தான்.

மறுபக்கமும் இருக்கிறது. கல் நீரைக் குடிக்காது. ஆகவே பெய்த மழை முழுவதும் கல்லுக்கு இடையில் இருக்கும் மண்ணுக்கே போய்ச் சேருகிறது. வெறும் மண்ணில் ஒரு சாண் நனைக்கும் மழை, பாதி கல்லான மண்ணில் ஏறக்குறைய இரண்டு சாண் இறங்கிவிடும். மேல் நாலு விரல் மண்ணில் நிற்கும் ஈரத்தை வெயில் இரண்டொரு நாளில் உறிஞ்சிவிடும். அதற்குக் கீழே போன ஈரம் அவ்வளவு எளிதில் வெயிலின் கைக்குச் சிக்காது. மழை குறைந்த எங்கள் சீமையில், சிறு சிறு மழையாகப் பெய்யும் ஆண்டுகளில், பக்கத்துக் களிமண் காட்டில் புல் கருகிய பிறகும் கரட்டுச் சரிவில் கொழுக்கட்டைப் புல்லின் அடித்தூர் பச்சையாக இருப்பதற்கு இதுதான் காரணம். அதன் வேர் கல்லைச் சுற்றிக்கொண்டு, பாறை வெடிப்புக்குள் நுழைந்து ஈரத்தைத் தேடிப் போகிறது.

மேலே கிடக்கும் கல்லின் வேலை இதைவிடப் பெரிது. மழை பெய்து ஒரு வாரம் கழித்துச் சரிவில் ஏறி, உள்ளங்கை அகலக் கல் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். சுற்றிலும் மண் வெளிறிக் காய்ந்திருக்கும். கல்லின் அடியில் மட்டும் மண் கருஞ்சிவப்பாக, தொட்டால் விரலில் ஒட்டும். அந்த ஈரத்தில் வெள்ளை நூல் போல் புல்வேர்கள் கல்லின் அடிப்பரப்பைத் தடவிக்கொண்டு ஓடியிருக்கும். விளிம்பில் எறும்பு இழுத்துவந்து போட்ட புல்விதைகள் கிடக்கும். அடுத்த மழைக்கு முதலில் முளைப்பவை அவைதான். இந்தக் கற்கள் ஓடு வேய்ந்தது போல் சரிவை மூடி, ஐப்பசி மழையின் அடியைத் தாங்கிக்கொள்கின்றன. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மண்மேல் தளர்வாகக் கிடக்கும் கல்தான் நீரை உள்ளே விடும். மண் பொருக்கோடு இறுகிப் பாதி புதைந்த கல் நீரை வழியவே விடும். அளவோடு மாடு நடமாடும் சரிவில் அந்தப் பொருக்கு உடைந்துகொண்டே இருக்கிறது.

இப்போது இயந்திரம் வந்தால் என்ன ஆகும்? எங்கள் ஊருக்கு அருகே ஒரு கரட்டில் மழைநீர் சேகரிப்பு என்று அகழி வெட்டினார்கள். மேலிருந்த நாலு விரல் பழுப்பு மண், அதாவது சாணமும் புல்லும் மக்கிச் சேர்ந்த ஒரே வளமான அடுக்கு, அகழிக்கு அடியில் போயிற்று. அடியிலிருந்த சுக்கான் மேலே வந்தது. அதில் ஊன்றிய கன்றுகளின் வேர் குழிக்குள்ளேயே சுற்றி நின்றது. பங்குனியில் கன்றுகள் காய்ந்துபோயின. அடுத்த பெருமழையில் அகழிக்கரை உடைந்து, கீழ்க்காட்டில் செம்மண் படிந்தது. இன்று அங்கே உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும்தான் செழித்திருக்கின்றன. ஒரு அங்குல மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். போனதை நம் பேரன் காலத்தில்கூடத் திரும்பக் காண முடியாது.

கிராவல் அள்ளுவது இதைவிடக் கொடுமை. சாலைக்கும் மனைப்பிரிவுக்கும் லோடு லோடாகச் செல்லும் அந்தச் சரளை, யாருக்கும் பயன்படாத மேட்டிலிருந்து வருவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். அது ஓர் ஆட்டுமந்தையின் தீவனம்.

தவறு ஏட்டில்தான் தொடங்குகிறது. வரி தராத நிலமெல்லாம் தரிசு என்று எழுதியது வெள்ளையர் கால வருவாய்க் கணக்கு. இன்றும் ஐதராபாத் தேசியத் தொலையுணர்வு மையத்தின் தயாரிப்பில் வரும் இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பில் புதர் நிலமும் கல்நிலமும் தரிசின் வகைகளாகவே இடம்பெறுகின்றன. ஆனால் மண் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் நிலத் தகுதிப் பகுப்பு வேறு சொல்கிறது. அதில் எட்டு வகுப்புகள். முதல் நான்கு உழவுக்கு. ஐந்து முதல் ஏழு வரை மேய்ச்சலுக்கும் காட்டுக்கும் உரியவை. எங்கள் சரளைச் சரிவுகளில் பெரும்பகுதி ஆறிலும் ஏழிலும் வரும். அதாவது, மேய்ச்சலுக்குத் தகுதியானது என்று எழுதிவைத்துக்கொண்டே வீண் நிலம் என்றும் எழுதுகிறோம்.

அந்தத் தகுதியைக் கண்ணால் காண விரும்புவோர் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தைக்கு வரட்டும். செம்மண் நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு நிற்கும் பர்கூர் செம்மறை மாடு, கல்சரிவில் ஏறி இறங்கியே குளம்பு இறுகிய இனம். தீவனம் வாங்கிப் போட்டு வளர்த்ததல்ல. கொழுக்கட்டைப் புல், செப்பு நெருஞ்சி, நரிப்பயறு, கோடையில் வெள்வேல் மரத்தின் நெற்று என்று இந்த மண் கொடுத்ததைத் தின்று வளர்ந்தது.

மாடு விட்டாலே மண் வாழ்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஓயாமல் மேய்த்தால் கொழுக்கட்டை அழிந்து ஊசிப்புல் ஏறும். ஈரச் சரிவில் மந்தையை அடைத்து ஓட்டினால் மண் இறுகும். காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகள் என்னும் வேலியிட்ட மேய்ச்சல் காடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். முள்கிளுவை வேலியிட்டுக் காட்டைப் பிரித்து, ஒன்றில் மேயும்போது மற்றொன்றுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். மழை விழுந்ததும் புல் பூத்து விதை உதிரும்வரை மாட்டை விடுவதில்லை. வெள்வேலை அங்கங்கே தானாக முளைக்க விட்டிருக்கிறார்கள். மேய்க்கால் புறம்போக்கிலும் ஊர் கூடி இதைச் செய்யலாம், இயந்திரமே தேவையில்லை. பொதுநிலங்களை ஊருக்கே மீட்டுத் தர வேண்டும் என்று 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மேய்ச்சல் நிலத்தை மரம் நட்டோ கிராவல் அள்ளியோ மாற்றுவதற்கு முன் கிராம சபையில் அந்த உத்தரவை எடுத்துப் படிக்கச் சொல்லி ஊர்மக்கள் கேட்க வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தத் தலைப்பில் அடுத்து எழுதுபவரை மாட்டுப்பட்டி வைத்திருக்கும் பட்டிக்காரர் ஒருவரோடு மழை முடிந்த கார்த்திகையில் சரிவில் ஏறி இறங்கிவிட்டு எழுதச் சொல்லுங்கள். எந்தச் சரிவில் எந்த மாதம் என்ன புல் இருக்கும் என்று அவர் சொல்வார். அதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அந்தியூர் வட்டம், ஈரோடு மாவட்டம்