எனக்கு அறுபது நிறைந்துவிட்டது

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள சுந்தரி,

எனக்கு அறுபது நிறைந்துவிட்டது. வயதைச் சொல்லவில்லை. அது நாற்பத்தேழு என்று உனக்குத் தெரியும், உன்னிடம் குறைத்துச் சொல்லவும் வழியில்லை. நான் சொல்வது கல்லூரியில் ஒவ்வொரு பாடத்துக்கும் தரும் கிரெடிட் கணக்கு. போன வாரம் அசோசியேட் டிகிரிச் சான்றிதழ் தபாலில் வந்தது. உறையைப் பிரிக்காமல் அடுப்பு மேடையில் வைத்துவிட்டு ரசம் வைத்து முடித்தேன். அப்புறம்தான் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தேன்.

நான் அனுப்பிய சான்றிதழ் படத்தை வாட்ஸப்பில் பார்த்துவிட்டு உன் வீட்டுக்காரர், "பணம் கட்டினா வீட்டுக்கே அனுப்பிடுவாங்களா?" என்று கேட்டாராமே. கோபம் வரவில்லை. ஆரம்பத்தில் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அதனால்தான் நாலு வரி மெசேஜ் போடாமல் கடிதமாகவே எழுதுகிறேன். டெக்சாஸில் இருக்கும் உன் அண்ணன் மகளுக்கும் படிக்கக் கொடு.

முதலில் இது என்ன படிப்பு என்று சொல்லிவிடுகிறேன். உன் பெரியவன் பாலிடெக்னிக் முடித்து நேரே பி.இ. இரண்டாம் வருஷத்தில் சேர்ந்தானே, கிட்டத்தட்ட அந்த மாதிரி ஒரு நடுப்படி. இங்கே 60 கிரெடிட் சேர்ந்தால் அசோசியேட், 120 ஆனால் பேச்சுலர். ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் மூன்று கிரெடிட். அதை வகுப்பில் உட்கார்ந்துதான் வாங்க வேண்டும் என்பதில்லை. தெரிந்ததைத் தேர்வெழுதிக் காட்டினாலும் கணக்கில் சேரும்.

நான் பள்ளிக்கூடத்தில் லஞ்ச் எய்ட்டாக இருந்தது உனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்குப் பால் டப்பா திறந்து கொடுப்பது, சண்டையை விலக்குவது, கீழே கொட்டியதைத் துடைப்பது. டீச்சர் யாராவது லீவு போட்டால் சப்ஸ்டிட்யூட் வருவார். ஒருநாள் அப்படி வந்தவரை வகுப்பே ஆட்டிவைத்தது. நான் உள்ளே போய் நாலு வார்த்தை சொன்னதும் அடங்கியது. பள்ளி ஆபீஸில் இருந்த ஒரு அம்மா, "நீயே சப்ஸ்டிட்யூட்டாக வரலாமே, கல்லூரியில் 60 கிரெடிட் இருந்தால் போதும்" என்றார். நியூ ஜெர்சியில் அதுதான் விதி. என்னிடம் இருந்ததோ பி.ஏ. வரலாறு ஒரு வருஷம். அதுவும் கல்யாணத்துக்காக நிறுத்தியது.

அந்த ஒரு வருஷமும் வீணில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. வெளிநாட்டு மதிப்பெண்களை இந்த ஊர்க் கணக்குக்கு மாற்றிக் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே சீல் வைத்த உறையில் அனுப்ப வேண்டும். அதற்கு நீ அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும். மூன்று முறை பஸ் ஏறி, "அந்த வருஷ ரிஜிஸ்டர் மேல் மாடியில் இருக்கு, ஆள் லீவு" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பி வந்தாயே! இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய தமிழும் ஆங்கிலமும் வரலாறும் இங்கே 21 கிரெடிட் ஆயின.

மீதியில் 18 கிரெடிட் கிளெப் (CLEP) தேர்வுகளில் வந்தது. வகுப்புக்குப் போகாமல் தேர்வெழுதியே கிரெடிட் வாங்கும் வழி அது. எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டுதான் இதையும் 1967லிருந்து நடத்துகிறது. முப்பதுக்கு மேல் பாடங்கள் உண்டு, தேர்வுக் கட்டணம் நூறு டாலருக்குள். அதே பாடத்தை நேரில் படித்தால் பல நூறு டாலர் ஆகும். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற ஒரு அமைப்பு இருக்கிறது. அவர்களுடைய இலவச வகுப்பை இணையத்தில் முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கும் அவர்களே வவுச்சர் தருகிறார்கள். எனக்கு இரண்டு தேர்வு அப்படிப் போனது. தேர்வு மையத்துக்குத் தனியாகக் கொஞ்சம் கட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கணிதத் தேர்வைப் பற்றி உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். ஒரு கல்லூரியின் மாடி அறை. கைப்பை, போன், கைக்கடிகாரம் எல்லாம் லாக்கரில். எனக்கு இடப்பக்கம் ராணுவச் சீருடையில் ஒரு பையன், என் மகன் வயதுதான் இருக்கும். அவர்களுக்குக் கட்டணத்தை ராணுவமே ஏற்றுக்கொள்கிறது. தொண்ணூறு நிமிஷம். திரையில் முதல் கேள்வியே இரண்டு வட்டம் வரைந்து, இத்தனை பேர் காபி, இத்தனை பேர் டீ, இரண்டும் குடிப்பவர் எத்தனை பேர் என்று கேட்டது. சுந்தரி, அது நம் வென் படம்! கணக்கு டீச்சர் கரும்பலகையில் வட்டம் போட்டு "சேர்ப்பு, வெட்டு" என்று பிரம்பால் தட்டுவாரே, அதேதான். இங்கே யூனியன் என்றும் இன்டர்செக்‌ஷன் என்றும் பேர், உள்ளே இருப்பது அதே சரக்கு. தமிழில் தெரிந்த கணக்குக்கு ஆங்கிலத்தில் லேபிள் ஒட்டுவதற்குத்தான் எனக்கு இரண்டு மாதம் ஆனது.

முடித்ததும் மதிப்பெண்ணை அனுப்பட்டுமா, ரத்து செய்யட்டுமா என்று திரை கேட்கும். பார்க்கும் முன்பே முடிவு சொல்ல வேண்டும். எனக்கு விரல் ஓடவில்லை. அனுப்பு என்று அழுத்தினேன். 58 என்று வந்தது. இருபதிலிருந்து எண்பது வரை போகும் அளவில் 50 எடுத்தால் பெரும்பாலான கல்லூரிகளுக்குப் போதும். ஒரே தேர்வில் ஆறு கிரெடிட். கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், இதை யாரிடமும் சொல்லாதே.

கட்டுரைத் தேர்வு ஆறு, சமூகவியல் மூன்று, அமெரிக்க அரசாங்கம் மூன்று. கடைசியதற்குக் குடியுரிமைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்த நூறு கேள்விகள் பாதி உதவின. மீதிப் பாதிக்கு செனட்டில் மணிக்கணக்காகப் பேசியே மசோதாவைத் தடுக்கும் தந்திரத்தை எல்லாம் படிக்க வேண்டியிருந்தது. நம்மூர் அரசியல்வாதிகளுக்கு அது சிரமமே இருக்காது.

இன்னொரு வழி மாதச் சந்தா கட்டி வீட்டிலிருந்தே படிக்கும் பாடங்கள். சோஃபியா, ஸ்ட்ரைட்டர்லைன், ஸ்டடி டாட் காம் என்று பல இருக்கின்றன. இவை எதுவும் கல்லூரி இல்லை. அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் என்ற அமைப்பு அந்தப் பாடங்களைப் பார்த்து, "இதற்கு இத்தனை கிரெடிட் தரலாம்" என்று பரிந்துரைக்கும். இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் ராணுவத்தில் கற்ற வேலைக்கு மதிப்புப் போட 1945ல் அவர்கள் தொடங்கிய ஏற்பாடு இன்று என் மாதிரி அடுப்படி மாணவிகள் வரை வந்திருக்கிறது. இந்த வகையில் ஆறு பாடம் முடித்தேன். உண்மையைச் சொன்னால் அதில் ஒன்று ரொம்ப லேசு, புத்தகத்தைப் பார்த்தே பதில் போடலாம். கிளெப்புக்கு நான் கொடுக்கும் மரியாதையை அதற்குக் கொடுக்க மாட்டேன். புள்ளியியல் பாடம் மட்டும் என்னைப் பிழிந்து எடுத்துவிட்டது.

ஆறு முடித்து ஐந்துக்குத்தான் கிரெடிட் கிடைத்தது. என் அவசரம்தான் காரணம். ஏற்கெனவே தேர்வெழுதிய சமூகவியலையே வேறு தலைப்பில் இங்கே மறுபடி படித்திருக்கிறேன். ஒரே பாடத்துக்கு இரண்டு முறை கூலி கிடையாது என்று கல்லூரி சொல்லிவிட்டது. மூன்று வார இரவுத் தூக்கம் போனது.

உன் அண்ணன் மகளுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். பரிந்துரை வேறு, ஏற்பு வேறு. எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்பது பட்டம் தரும் கல்லூரியின் இஷ்டம். சில கல்லூரிகள் கிளெப்பை மட்டும் ஏற்கும், சில எதையும் ஏற்காது. நான் முதலில் விசாரித்த இடத்தில் பாதிக்கு மேல் தள்ளிவிடுவோம் என்றார்கள். அதனால் கல்லூரியை முதலில் முடிவு செய்யட்டும். எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று ஈமெயிலில் எழுதி வாங்கட்டும். பிறகு பணம் கட்டட்டும். அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். உன் வீட்டுக்காரர் சொன்ன மாதிரி பணத்துக்குப் பட்டம் விற்கும் கூட்டமும் இங்கே உண்டு. அவள் எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்குத் தரும் விசாவில், படிக்கலாம், தடையில்லை. ஆனால் பட்டம் கிடைத்துவிட்டதால் மட்டும் வேலைக்குப் போக அனுமதி வந்துவிடாது.

நான் சேர்ந்தது ட்ரென்டனில் இருக்கும் தாமஸ் எடிசன் ஸ்டேட் யுனிவர்சிட்டி. இங்கிருந்து முக்கால் மணி நேரம். வேலை பார்க்கும் பெரியவர்களுக்காகவே மாநில அரசு 1972ல் ஆரம்பித்தது. நியூயார்க்கின் எக்செல்சியர், கனெக்டிகட்டின் சார்ட்டர் ஓக் இரண்டும் அதே காலத்தவை, அதே எண்ணத்தில் வந்தவை. விஞ்ஞானி எடிசன் பள்ளிக்கூடம் போனதே சில மாதம்தான், கல்லூரிப் பட்டம் வாங்கியதில்லை. தானாகப் படித்தவர் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள். என் ஊர்ப் பெயரும் அவருடையதுதான், அவருடைய மென்லோ பார்க் ஆய்வுக்கூடம் இருந்த இடம். கடைசி ஆறு கிரெடிட்டை இந்தக் கல்லூரியிலேயே எடுத்தேன்.

ஒரு வயிற்றெரிச்சல் பாக்கி. ஆக்ட்ஃபுல் என்ற அமைப்பின் பேச்சுத் தேர்வு தமிழிலும் உண்டாம். போனில் அரை மணி நேரம் தமிழில் பேசினால் தரம் போட்டுத் தருவார்கள், அதற்கும் சில கல்லூரிகள் கிரெடிட் தருகின்றன. இது தெரிந்தபோது எனக்கு அறுபதும் நிறைந்துவிட்டது. தமிழில் பேசுவதற்கு மார்க்! நீயும் நானும் கடைசி பெஞ்சில் பேசியதற்குத்தானே வெளியே நின்றோம்?

போன செவ்வாய் காலை ஐந்தே முக்காலுக்கு முதல் அழைப்பு வந்தது. மூன்றாம் வகுப்பு. பெயரைப் பலகையில் எழுதினேன். ஒரு பையன் கையைத் தூக்கி, "நீங்கள் பால் டப்பா திறக்கிறவர் ஆச்சே?" என்றான். ஆமாம், இன்றைக்குப் பின்னம் சொல்லித் தரப் போகிறேன் என்றேன். மதியம் அவனே டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். திறந்து கொடுத்தேன்.

ஜனவரியில் ஊருக்கு வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்க்கிறாயா, இல்லை எனக்குப் பொய் சொல்கிறாயா? அப்புறம், அந்த மேல்மாடி ஆளுக்கு டீச் செலவு என்று நீ ஏதோ கொடுத்தாய், எவ்வளவு என்று இன்றுவரை சொல்லவில்லை. பஸ் டிக்கெட்டையும் சேர்த்துக் கணக்கு எழுதி வை. வந்து தருகிறேன்.

உன்,
வசந்தி